நாற்றம் யாருடையது?

பி.ஏ. இரண்டாம் வருசம். ஆங்கில இலக்கிய வகுப்பு. வாத்தியார் டிக்கன்ஸின் 'ஆலிவர் ட்விஸ்ட்' நடத்திக்கொண்டிருந்தார். கதையின் கடைசிப் பகுதியில் பில் சைக்ஸ் என்கிற கொலைகாரன் ஓடி ஒளிகிற இடம் வருகிறது. லண்டனில், தேம்ஸ் ஆற்றின் தென்கரையில், பெர்மண்ட்சி பகுதியில் இருந்த ஜேக்கப் தீவு. சாக்கடை சூழ்ந்த, இடிஞ்சு விழுற வீடுகள் நிறைந்த இடம். வாத்தியார் புத்தகத்தை மூடினார். "இதுக்கு விளக்கம் எதுக்கு? நம்ம ஊர்ல சேரி இருக்குல்ல, அது மாதிரி" என்றார். சொல்லிவிட்டுக் கடைசி பெஞ்சைப் பார்த்தார். கடைசி பெஞ்சில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். வகுப்பு சிரித்தது.

எங்க நைனா பாலாத்தங்கரை டேனரி ஒண்ணுல சுண்ணாம்புக்குழி வேலை பார்த்தவர். குழியில ஊறின தோலை எடுத்து மயிர் சுரண்டணும், சவ்வு எடுக்கணும். வீட்டுக்கு வந்து எத்தனை தடவை சோப்பு போட்டுக் கை கழுவினாலும் அந்த வாடை போகாது. பஸ்ஸுல அவர் பக்கத்துல உக்காந்தவன் எழுந்து போய் நின்னுக்கிட்டே வருவான். நான் டேனரிக்குள்ள காலே வச்சதில்ல. ஆனா கல்லூரியில என் பக்கத்துலயும் யாரும் உக்காரல. நைனா கையில இருந்த வாடை என் மேல எப்படி வந்துச்சு? இதுதான் கேள்வி.

அன்றைக்கு வகுப்புச் சிரிப்புக்குப் பதில் என்னிடம் இல்லை. அதற்குப் பிறகு பெர்மண்ட்சியைப் பற்றி எது கிடைத்தாலும் படித்தேன். வாத்தியார் மூடி வைத்த புத்தகத்தை நான் திறந்து வைத்தேன் என்று சொல்லலாம். இந்தக் கட்டுரை அவருக்கான பதில். 'விக்டோரியா மகாராணி காலம் பொற்காலம்' என்று பாடம் நடத்துகிறவர்களுக்கும் பதில். 'அங்க வர்க்கம், இங்க சாதி, ரெண்டும் ஒண்ணுதான் தோழர்' என்று நம் தோளில் கை போடுகிறவர்களுக்கும் பதில்.

விக்டோரியா பட்டத்துக்கு வந்தது 1837 ஜூன் 20. செத்தது 1901 சனவரி 22. அறுபத்து மூன்று வருசம். இந்த அறுபத்து மூன்று வருசத்தை அரண்மனையிலிருந்து பார்த்தால் ஒரு வரலாறு. ஆற்றங்கரையிலிருந்து பார்த்தால் வேற வரலாறு. நமக்கு எப்பவும் முதல் வரலாற்றைத்தான் பாடமாக வைப்பார்கள். நாம் ஆற்றங்கரையிலிருந்து பார்ப்போம்.

பெர்மண்ட்சி ஏன் நாறியது? முதலில் இதைக் கேட்க வேண்டும். தோல் பதனிடுவது நாற்றம் பிடித்த தொழில். லண்டன் நகரத்துக்குச் செருப்பு வேணும், சேணம் வேணும், கையுறை வேணும், புத்தகத்துக்கு அட்டை வேணும். நாற்றம் மட்டும் வேணாம். அதனால் அந்தத் தொழில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் போனது. பெர்மண்ட்சியில் ஆற்று ஓதம் ஏறி இறங்குகிற வாய்க்கால்கள் இருந்தன. பக்கத்து மாவட்டங்களிலிருந்து ஓக் மரப்பட்டை வந்தது. நகரத்துக் கசாப்புக் கடைகளிலிருந்து பச்சைத்தோல் வந்தது. ராணி பட்டத்துக்கு வருவதற்கு முன்பே, 1833இல், வெஸ்டன் தெருவில் தோல் சந்தை திறந்துவிட்டார்கள். பிறகு பசை காய்ச்சுகிறவன், வினிகர் போடுகிறவன் எல்லாம் வந்து சேர்ந்தான். 1857இல் பீக் ஃப்ரீன் பிஸ்கட் கம்பெனி வந்தது. ஆற்றோரம் பூராவும் கிட்டங்கிகள். தேயிலை, வெண்ணெய், சணல் எல்லாம் அங்கேதான் இறங்கியது. நகரத்தின் வயிறும் அங்கே இருந்தது, நகரத்தின் கழிவும் அங்கே இருந்தது. நகரம் தனக்கு வேண்டாததை ஒரு இடத்தில் கொண்டுபோய்த் தள்ளும். பிறகு மூக்கைப் பிடித்துக்கொண்டு 'அந்த இடம் நாறுது' என்று சொல்லும். அதுக்கப்புறம் 'அந்த ஆளுங்க நாறுறாங்க' என்று சொல்லும். இந்த மூன்று படியும் நமக்குப் புதுசு இல்ல.

தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்து மயிரை எடுத்தபிறகு, தோலில் தங்கிய சுண்ணாம்பு போகணும், தோல் மெத்துனு ஆகணும். அதுக்கு அன்றைக்கு அவர்கள் பயன்படுத்தியது நாய்ப்பீ. கையுறைக்கும் புத்தக அட்டைக்கும் போகிற மெல்லிய தோல்களுக்கு அது இல்லாமல் முடியாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் ஓட்டோ ரோம் என்பவர் அதற்குப் பதிலாக ஒரு நொதிச் சரக்கைக் கண்டுபிடிக்கும் வரை இதுதான் நிலைமை. அதைத் தெருத்தெருவாகப் பொறுக்கி வாளியில் கொண்டுவந்து விற்க ஒரு கூட்டம் இருந்தது. கிழவிகள், கிழவர்கள், பிள்ளைகள். 1851இல் ஹென்றி மேஹ்யூ லண்டன் ஏழைகளைப் பற்றி எழுதிய பெரிய நூலில் இவர்களைப் பற்றி ஒரு பகுதி இருக்கிறது. ஒரு வாளிக்கு எட்டு பென்சிலிருந்து பத்து பென்சு. சரக்கு காய்ந்து சுண்ணாம்புத் தன்மையோடு இருந்தால் ஒரு ஷில்லிங், அதுக்கு மேலும் கிடைக்கும். அதனால் சில பேர் பழைய சுவரின் காரையைச் சுரண்டிக் கலந்துவிடுவார்களாம். முதலாளி ஏமாந்தான் என்று படிக்கும்போது எனக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது.

அந்தச் சரக்குக்கு அவர்கள் வைத்திருந்த பேர் என்ன தெரியுமா? 'பியூர்'. சுத்தம்! தோலைச் சுத்தப்படுத்துகிறதாம், அதனால் அந்தப் பேர். பொறுக்குகிறவளுக்குப் பேர் 'பியூர் பைண்டர்'. பீயைச் 'சுத்தம்' என்று கூப்பிட்டால் அதை அள்ளுகிறவளின் கை மணக்குமா? நமக்கு ஒருத்தர் 'ஹரிஜன்' என்று பேர் வைத்தார். கடவுளின் பிள்ளையாம். கடவுளின் பிள்ளைகள் அன்றைக்கும் மலம்தான் அள்ளினார்கள். பேரை மாற்றுவது வேலையை மாற்றாமல் இருப்பதற்கான தந்திரம். அங்கேயும் அதுதான், இங்கேயும் அதுதான். அந்த நாய்ப்பீயில் பதப்பட்ட தோலில் அட்டை போட்ட புத்தகங்கள் பிரபுக்களின் நூலகங்களில் அடுக்கியிருந்தன. அதைத் தொட்டுப் பிரித்துப் படித்த எந்தப் பிரபுவும் கை கழுவினதாகத் தெரியல.

இனி ஜேக்கப் தீவுக்கு வருவோம். 1849இல் காலரா. லண்டனில் மட்டும் ஏறக்குறைய 14,000 பேர் செத்தார்கள். அந்தச் செப்டம்பரில் மேஹ்யூ பெர்மண்ட்சிக்குப் போய்ப் பார்த்து 'மார்னிங் க்ரானிக்கிள்' பத்திரிகையில் எழுதினார். வாய்க்காலின் மேல் கக்கூஸ்கள் நிற்கின்றன. தோல்பட்டறைச் சாயம் கலந்து தண்ணி சில இடத்தில் சிவந்து கிடக்கிறது. அதே வாய்க்காலில் வாளியை விட்டு மேலே இழுக்கிறார்கள். ரெண்டு நாள் தெளியவிட்டுக் குடிக்கிறார்கள். வேற தண்ணி இல்ல.

அடுத்த வருசம், 1850இல், சர் பீட்டர் லாரி என்கிற பெரிய மனுசன், லண்டன் மேயராக இருந்தவன், ஒரு கூட்டத்தில் எழுந்து, ஜேக்கப் தீவு என்று ஒன்று கிடையவே கிடையாது, அது டிக்கன்ஸின் கற்பனை என்றான். ஆத்துக்கு அந்தப் பக்கம் போய் ஒரு எட்டு பார்த்தால் தெரிஞ்சிடும். போகல. டிக்கன்ஸ் தன் நாவலின் அந்த வருசத்துப் பதிப்புக்கு எழுதிய முன்னுரையில் அவனைப் பிடித்து உலுக்கினார். எனக்கு லாரியைப் பார்த்து ஆச்சரியம் வரல. 'எங்க ஊர்ல ரெட்டை டம்ளரெல்லாம் கிடையாது', 'இப்பல்லாம் யார் சார் சாதி பார்க்குறா' என்று சொல்கிற அத்தனை பேரையும் நான் பார்த்திருக்கிறேன். இல்லை என்று சொல்லும் அதிகாரம் இருக்கிறவனுக்குப் போய்ப் பார்க்கிற அவசியம் கிடையாது.

சரி, நாற்றம் யாருடையது? இப்போ கணக்குக்கு வருவோம்.

அந்தக் காலத்து ஆங்கிலேயப் படித்தவர்கள் பெரும்பாலும், நாற்றம்தான் நோயைக் கொண்டுவருகிறது என்று நம்பினார்கள். நாறுகிற காற்றில் நோய் இருக்கிறதாம். அப்படியானால் நாறுகிற இடத்தில் இருக்கிறவன் நோயாளி, நோயைப் பரப்புகிறவன். இந்த நம்பிக்கையில், வசதியான வீடுகளின் கழிவுக்குழிகளை மூடினார்கள். அங்கே அப்போது புதுசாகப் பரவிக்கொண்டிருந்த தண்ணீர்க் கக்கூஸ்களைச் சாக்கடையோடு இணைத்தார்கள். சாக்கடை எங்கே போகும்? நேராகத் தேம்ஸ் ஆற்றுக்குப் போகும். மேற்கு லண்டன் கனவான் காலையில் சங்கிலியை இழுத்தால் அவன் வீடு சுத்தம். அது ஆற்றில் இறங்கும். அந்த ஆற்றிலிருந்து 'சவுத்வார்க் அண்ட் வாக்ஸ்ஹால்' என்கிற தண்ணீர்க் கம்பெனி தண்ணி எடுத்துத் தென்கரை மக்களுக்குக் காசுக்கு விற்கும்.

1854இல் மறுபடி காலரா வந்தபோது டாக்டர் ஜான் ஸ்னோ வீடு வீடாகக் கணக்கெடுத்தார். தென்கரையில் ஒரே தெருவில் ரெண்டு கம்பெனிகளின் குழாயும் ஓடியது. லாம்பெத் கம்பெனி 1852இலேயே சாக்கடை கலக்காத மேல் ஆற்றுக்குப் போய்த் தண்ணி எடுக்க ஆரம்பித்திருந்தது. நோய் தொடங்கின முதல் ஏழு வாரத்தில் அந்தத் தண்ணி குடித்த வீடுகளில் பத்தாயிரத்துக்கு 37 சாவு. சவுத்வார்க் அண்ட் வாக்ஸ்ஹால் தண்ணி குடித்த வீடுகளில் பத்தாயிரத்துக்கு 315 சாவு. தெரு ஒண்ணு. காத்து ஒண்ணு. நாற்றமும் ஒண்ணு. தண்ணி மட்டும் வேற. அந்த மக்களைக் கொன்றது அவர்களுடைய அழுக்கு என்று எவனாவது சொன்னால் இந்த ரெண்டு எண்ணையும் அவன் முகத்தில் எறியலாம். அவர்கள் குடித்துச் செத்தது மேல்தட்டின் கழிவை. அதுவும் காசு கொடுத்து வாங்கிக் குடித்து.

இவ்வளவு தெரிந்தும் காரியம் நடந்ததா? நாலு வருசம் நடக்கல. 1858 கோடையில் வெயில் கொளுத்தியது. ஆற்றில் தேங்கிய மலத்தின் நாற்றம் ஆற்றங்கரையிலேயே இருக்கிற பாராளுமன்றக் கட்டடத்துக்குள் ஏறியது. சன்னல் திரைகளைச் சுண்ணாம்பு மருந்தில் நனைத்துத் தொங்கவிட்டுப் பார்த்தார்கள். முடியல. சட்ட முன்வரைவு வந்து பதினெட்டே நாளில் சட்டமாகிவிட்டது. முப்பது லட்சம் பவுண்டு கடன் வாங்க அனுமதி. பொறியாளர் பேசல்ஜெட் வேலையைத் தொடங்கினார். 82 மைல் நீளத்துக்குப் பெரிய செங்கல் சாக்கடைகள். இன்றைக்கும் பாடப் புத்தகங்களில் அதைப் பெரிய சாதனை என்று எழுதுகிறார்கள். சாதனைதான், மறுக்கல. ஆனா 14,000 பிணம் செய்யாததை ஒரு மூக்கு செய்தது. யாருடைய மூக்கு என்பதுதான் விசயம்.

அந்தச் சாக்கடை அழுக்கை என்ன செய்தது? ஒழிக்கல. கிழக்கே கொண்டுபோய் ஆற்றின் கீழ்ப்பக்கம் கொட்டியது. 1866இல் காலரா வந்தபோது, சாக்கடை வேலை இன்னும் முடியாத கிழக்கு லண்டன் மக்கள்தான் கூட்டமாகச் செத்தார்கள். 1878 செப்டம்பரில் 'பிரின்சஸ் ஆலிஸ்' என்கிற உல்லாசக் கப்பல், கழிவு திறந்துவிடுகிற இடத்துக்குப் பக்கத்தில் மோதி மூழ்கி, 600 பேருக்கு மேல் அந்தத் தண்ணியில் செத்தார்கள். சுத்தம் என்பது பல சமயம் இவ்வளவுதான்: என் வாசலிலிருந்து உன் வாசலுக்கு.

இனி நம் பக்கம் வருவோம். பெர்மண்ட்சிக்கும் நமக்கும் வாத்தியாருக்குத் தெரியாத ஒரு தொடர்பு இருக்கிறது. அது உவமைத் தொடர்பு இல்ல, சரக்குத் தொடர்பு. மதராஸ் மாகாணத்தில் ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்ட தோல் 'கிழக்கிந்தியத் தோல்' என்ற பேரில் கப்பலேறி லண்டன் போனது. பெர்மண்ட்சி அதற்குப் பெரிய சந்தை. செத்த மாட்டைத் தூக்கியது, உரித்தது, ஊறவைத்தது, சுரண்டியது எல்லாம் நம் ஆட்கள். பறையர், சக்கிலியர் என்று ஊர் ஒதுக்கிவைத்த ஆட்கள். முதலாளிமார் பல சாதி, பல மதம். கடன் கொடுத்தவன், கமிசன் வாங்கினவன், கப்பல் ஏற்றினவன் எல்லாம் வேற வேற ஆள். இதிலே ஒரு விசித்திரம் கவனிங்க. தோலைத் தொட்டவனுக்குத் தீட்டு. தோல் வித்த காசைத் தொட்டவனுக்குத் தீட்டு இல்ல.

1877 சனவரி 1. டெல்லியில் தர்பார். லிட்டன் பிரபு விக்டோரியாவை இந்தியாவின் சக்கரவர்த்தினி என்று அறிவித்தான். யானை, பட்டு, விருந்து. அதே நேரத்தில் மதராஸ் மாகாணத்தில் தாதுவருசப் பஞ்சம். அந்த மாதமே ரிச்சர்ட் டெம்பிள் வந்து, நிவாரண வேலையில் கல் உடைக்கிறவனுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்று கூலியைக் குறைத்தான். மருத்துவ அதிகாரி கார்னிஷ் இது சாகடிக்கிற கூலி என்று எதிர்த்து எழுதினார். லட்சக்கணக்கில் செத்தார்கள். நிலமில்லாத நம் சனம்தான் முதலில் செத்தது. மாடுகளும் செத்தன. பஞ்ச வருசங்களில் மதராஸ் துறைமுகத்திலிருந்து தோல் ஏற்றுமதி மளமளவென்று ஏறியது. இந்தப் பக்கம் எலும்புக்கூடுகள் நடந்துகொண்டிருந்த அதே 1878இல்தான் பெர்மண்ட்சியில் தோல், கம்பளி வணிகர்களுக்கு ஒரு பெரிய மாளிகை கட்டினார்கள். தோல் பதனிடும் வேலையைக் காட்டும் சிற்பங்கள் அதன் முகப்பில் இன்றைக்கும் இருக்கின்றன. கல்லில் செதுக்கினால் அந்த வேலை அழகு. நைனா செய்தால் நாற்றம்.

இப்போ, 'அங்க வர்க்கம், இங்க சாதி, ரெண்டும் ஒண்ணு' என்கிற தோழரிடம் கொஞ்சம் பேசணும். ஒண்ணு இல்ல தோழர். மேஹ்யூ சந்தித்த ஒரு கிழவி நாய்ப்பீ பொறுக்குகிறவள். பால்காரன் மகளாகப் பிறந்து, கப்பல்காரனைக் கட்டி, நன்றாக வாழ்ந்தவள். புருசன் செத்து, வாழ்க்கை சரிந்து, அந்த வாளிக்கு வந்து சேர்ந்தாள். ஒர்க் ஹவுஸ் என்கிற ஏழை விடுதிச் சிறைக்குப் போவதைவிடத் தெருவில் சாவேன் என்று இருந்தாள். அவள் வாழ்க்கை கொடுமை. ஆனா கவனிங்க, அவள் அந்த வாளிக்குள் விழுந்தவள். நாம வாளிக்குள்ளேயே பிறந்தவங்க. அவள் மகன் வேற ஊருக்குப் போய் வேற வேலை பார்த்தால் அவனை எவனும் 'நீ பீ பொறுக்கினவ மவன்தானே' என்று முகர்ந்து பார்க்கமாட்டான். என்னைக் கல்லூரியில் முகர்ந்து பார்த்தார்கள். பெர்மண்ட்சியின் நாற்றம் வேலையில் ஒட்டியிருந்தது. இங்கே நாற்றத்தைப் பிறப்பில் ஒட்டவைத்திருக்கிறான். அதுக்குச் சாஸ்திரமும் எழுதி வைத்திருக்கிறான். சோப்புக்குப் போகாத நாற்றம் அதுதான்.

1889 ஆகஸ்டில் லண்டன் துறைமுகக் கூலிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். காலையில் வாசலில் ஆயிரம் பேர் முண்டியடிக்க, மேஸ்திரி கை நீட்டுகிற ஆளுக்குத்தான் அன்றைக்குக் கூலி என்ற நிலைமை. மணிக்கு ஆறு பென்சு வேணும், கூப்பிட்டால் குறைஞ்சது நாலு மணி நேர வேலை வேணும் என்று கேட்டார்கள். வடகரையில் பென் டில்லட், டாம் மான், ஜான் பர்ன்ஸ். தென்கரையில் ஹாரி குவெல்ச் தலைமையில் தனிச் சங்கம். ஆஸ்திரேலியத் தொழிலாளர்கள் 30,000 பவுண்டு அனுப்பினார்கள். ஒரு மாதத்தில் ஜெயித்தார்கள். இதைத் தொழிற்சங்க வகுப்பில் கண்ணில் தண்ணி வர எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். எனக்கும் கண்ணில் தண்ணி வந்தது. ஆனா அதே டில்லட் பிழைக்க வந்த யூதத் தொழிலாளிகளுக்கு எதிராகப் பேசினவன் என்பதை அந்த வகுப்பில் யாரும் சொல்லல. பட்டினி ஒண்ணாக இருந்தால் பந்தி தானாக ஒண்ணாகிவிடாது. அங்கேயே ஆகல என்றால், சாதிக்கொரு தண்ணிப் பானை வைத்திருக்கிற இங்கே எப்படி ஆகும்? வேலைநிறுத்தத்தில் தோளோடு தோள் நின்றவன் சாயங்காலம் ஊர்த்தெருவுக்குப் போவான், நான் சேரிக்குப் போவேன். இதைப் பேசினால் 'வர்க்க ஒற்றுமையைக் குலைக்கிறீங்க' என்கிறார்கள். குலைகிறதுக்கு அது முதலில் இருக்கணும்ல?

ராணி செத்துப் பத்து வருசம் கழித்து, 1911 ஆகஸ்டில், பெர்மண்ட்சி பிஸ்கட், ஜாம் கம்பெனிகளின் பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலையை விட்டுத் தெருவுக்கு வந்தார்கள். வரும்போது இருக்கிறதிலேயே நல்ல உடுப்பைப் போட்டுக்கொண்டு வந்தார்களாம். அந்த வரியைப் படித்தபோதுதான் எங்க ஆயா ஞாபகம் வந்தது. கூலி வாங்கப் போற அன்னைக்கு மட்டும் பெட்டியில இருக்குற புடவையைக் கட்டிக்கிட்டுப் போகும். "நாம நாறலன்னு அவனுங்க பாக்கட்டும்" என்று சொல்லும்.

அடுத்தது, நம்மை நோக்கி எறியப்படுகிற ஒரு கல். 'உங்க ஆளுங்க வெள்ளைக்காரன் வாலைப் பிடிச்சவங்க. அயோத்திதாசர் ராஜவிசுவாசி. ரெட்டைமலை சீனிவாசன் ராஜவிசுவாசி. ராணியம்மாவுக்கு ஜே போட்டவங்க.' தேசியம் பேசுகிறவர் சொல்வது இது. ஆமாம், நம் முன்னோர்கள் ராணிக்கு வாழ்த்துச் சொன்னார்கள். நான் மறைக்கல. ஆனா மதராசில் 1887 பொன்விழாவின் பேரில் விக்டோரியா மண்டபம் கட்ட நன்கொடை கொடுத்தவர்கள் சேரிக்காரர்களா? ராஜாக்களும் ஜமீன்தார்களும் திவான்களும் கொடுத்தார்கள். அவர்கள் செய்தால் ராஜதந்திரம், நாம் செய்தால் துரோகமா?

நம் ஆட்களின் வாழ்த்துக்கு என்ன அர்த்தம்? பட்டாளத்திலும் மிசன் பள்ளிக்கூடத்திலும் ஒரு கதவு இடுக்கு தெரிந்தது. 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் பறையர் நிலைமையைப் பற்றி அறிக்கை எழுதினார். 1892இல் அரசாணை வந்தது, பஞ்சமி நிலம் வந்தது. ராணி ஆட்சிக்கு வந்து ஐம்பத்தைந்து வருசம் ஆன பிறகு! அந்த ஐம்பத்தைந்து வருசமும் வெள்ளைக்காரன் நம் பக்கம் இல்ல. வரி வசூலுக்கு மிராசுதார் பக்கம் இருந்தான். ஆகவே ராணியைத் தெய்வமாக்க நான் வரல. நம் பெரியவர்கள் ராணிக்குக் கும்பிடு போட்டார்கள் என்றால், ராணி நல்லவள் என்று அர்த்தம் இல்ல. பக்கத்துத் தெருக்காரன் அவ்வளவு கெட்டவன் என்று அர்த்தம். ஆறாயிரம் மைலுக்கு அந்தப் பக்கம் இருந்த ஒருத்தியிடம் நீதி கேட்கிற நிலைமைக்கு நம்மைத் தள்ளினவன் யார்? அந்தப் பஞ்சமி நிலத்தைத் திருப்பிக் கேட்டதற்கு 1994 அக்டோபரில், சுதந்திர நாட்டில், செங்கல்பட்டில் சுட்டார்கள். ஜான் தாமஸ், ஏழுமலை ரெண்டு பேர் செத்தார்கள். இதற்குப் பிறகும் ராஜவிசுவாசம் பற்றி நமக்குப் பாடம் எடுக்க வருகிறவருக்கு வெட்கம் இருக்கணும்.

கடைசியாக ஒண்ணு. லண்டன் சாக்கடைகளில் இறங்கி வேலை பார்த்த கூலிகளைப் பற்றியும் மேஹ்யூ 1851இல் எழுதியிருக்கிறார். தொடை வரைக்கும் வருகிற தோல் பூட்ஸ் போட்டுக்கொண்டு இறங்கினார்களாம். ஏறக்குறைய நூற்றெழுபத்தைந்து வருசத்துக்கு முந்தி. அந்தப் பூட்ஸுக்குத் தோல் பெர்மண்ட்சியில் பதனிட்டதாகக்கூட இருந்திருக்கலாம். உலகத்துக்குத் தோல் பதனிட்டுக் கொடுத்த நம்முடைய ஆள், இந்த நூற்றாண்டில், ஜட்டியோடு குழிக்குள் இறங்கிச் சாகிறான். 1993இல் சட்டம் போட்டார்கள். 2013இல் இன்னொரு சட்டம் போட்டார்கள். செத்தால் பத்து லட்சம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023இல் அதை முப்பது லட்சமாக்கியது. சாவுக்கு விலை ஏறிக்கிட்டே இருக்கு. சாவு நிற்கல. ஏன் நிற்கல? விசவாயு இன்னும் ஒரு சட்டமன்றத்துக்குள்ளேயும் ஏறல. ஏறியிருந்தால் பதினெட்டு நாள் போதும். 1858 அதைத்தான் சொல்கிறது.

பாலாற்றங்கரையிலும் இதே கதைதான். 1996இல் டேனரிக் கழிவைப் பற்றி உச்ச நீதிமன்றம் பெரிய தீர்ப்பு சொன்னது. 2015 சனவரி 31 ராத்திரி ராணிப்பேட்டையில் கழிவுச் சேற்றுத் தொட்டி உடைந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளிகள் அந்தச் சேற்றிலேயே செத்தார்கள். வடக்கே இருந்து பிழைக்க வந்த பிள்ளைகள்தான் அதிகம். ஜேக்கப் தீவு இருந்த இடத்தில் இன்றைக்குக் கோடிக்கணக்கில் விலைபோகிற அடுக்குமாடி வீடுகள். ஆற்றைப் பார்த்தபடி பால்கனி. பெர்மண்ட்சியில் நின்றுபோன நாற்றம் செத்துப் போய்விடவில்லை. ஆளும் ஆறும் மலிவாகக் கிடைக்கிற கரையைத் தேடி வந்திருக்கிறது.

நைனா போய்ச் சேர்ந்து வருசம் ஆகிவிட்டது. கடைசிக் காலத்தில் விரல்களில் தோல் உரிந்து வெள்ளை வெள்ளையாக இருக்கும். சோறு பிசைந்தால் எரியும், அதனால் ஸ்பூனில் சாப்பிடுவார். "தொரை மாதிரி சாப்புடுறேன் பாத்தியா" என்று சிரிப்பார்.

ஐயா வாத்தியாரே, நீங்கள் சொன்னதில் பாதி சரி. ஜேக்கப் தீவு சேரி மாதிரிதான். ரெண்டையும் உண்டாக்கியவர்கள் சுத்தமானவர்கள். மீதிப் பாதியை நீங்கள் சொல்லாமல் புத்தகத்தை மூடிவிட்டீர்கள். ஜேக்கப் தீவுக்காரன் அந்த இடத்தை விட்டு வெளியே வந்தபோது அவனோடு அந்தத் தீவு கூட வரல. நாங்கள் உங்கள் வகுப்பறைக்கு வந்தபோது எங்கள் சேரியை நீங்கள்தான் தூக்கிக்கொண்டு வந்து கடைசி பெஞ்சில் வைத்தீர்கள். அது உங்கள் சுமை. அதன் நாற்றமும் உங்களுடையது. இறக்கி வையுங்கள்.